முதல் கைக்கடிகாரம்: புதியதா, பழையதா?

"பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். இனிமேல் கடைக்கு வரப்போகிறான். கையில் ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். எதை வாங்குவது?" என்று மளிகைக்கடை நடத்தும் அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். பக்கத்தில் இருந்த பருப்பு மண்டிக்காரர், "செல்போனில்தான் மணி தெரிகிறதே அண்ணாச்சி, வாட்ச் எதற்குத் தண்டச்செலவு?" என்றார். அதற்கு முதலாமவர் சொன்ன பதில்: "மணி பார்க்கப் போனை எடுத்தால், மணியை மட்டுமா பார்க்கிறான்?"

அந்தப் பதிலில் இருக்கிற நியாயம் கடையில் நிற்பவர்களுக்குத்தான் புரியும். ஒரு கையில் மிளகாய்த்தூள், மறு கையில் நல்லெண்ணெய்ப் பிசுக்கு, எதிரே நான்கு பேர் சீட்டு நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். லாரி ஆபீஸ் மூடுவதற்குள் பார்சல் போட வேண்டும். வங்கியில் கவுண்டர் அடைப்பதற்குள் பணம் கட்ட வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் ஒரு கண நேரத்தில் முடிகிற காரியத்துக்குச் சட்டைப்பையில் கைவிட்டுத் துழாவ வேண்டியதில்லை. ஆகவே வாட்ச் வேண்டும் என்பதே நம் கட்சி. எந்த வாட்ச் என்பதில்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். நாமும் ஏமாந்திருக்கிறோம், அதைப் பின்னால் சொல்கிறோம்.

சாவியா, செல்லா?

கைக்கடிகாரத்தில் அடிப்படையாக இரண்டு ஜாதி. ஒன்று சாவி கொடுத்து ஓடுவது. மற்றொன்று செல் போட்டு ஓடுவது. சாவி வாட்சில் சுருள்வில் ஒன்று இறுக்கிச் சுற்றப்பட்டு, மெல்ல மெல்ல அவிழும்போது சக்கரங்களை ஓட்டுகிறது. அது ஒரேயடியாக அவிழ்ந்துவிடாமல் 'பேலன்ஸ் வீல்' என்ற சிறு சக்கரம் இங்கும் அங்கும் ஆடித் தடுத்துத் தடுத்து விடுகிறது. நாம் காதில் கேட்கும் டிக் டிக் ஓசை அதுதான். நம் ஊரில் அதிகம் புழங்கிய எச்.எம்.டி. ஜனதா வாட்சில் இந்த அடிப்பு மணிக்கு 18,000. அதாவது விநாடிக்கு ஐந்து. செல் வாட்சில் இந்த வேலையைக் 'குவார்ட்ஸ்' என்னும் படிகக்கல் துண்டு செய்கிறது. மின்சாரம் பட்டதும் அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஐந்து எங்கே, முப்பத்திரண்டாயிரம் எங்கே! நேரத்தை எவ்வளவு பொடியாக நறுக்கி எண்ணுகிறோமோ அவ்வளவுக்குக் கணக்கில் பிசகு குறையும். அதனால்தான் சாதாரண செல் வாட்ச் மாதத்துக்கு இருபது விநாடி முன்பின் போகும்போது, நல்ல நிலையில் உள்ள சாவி வாட்ச் ஒரு நாளிலேயே அவ்வளவு போய்விடுகிறது.

குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சீகோ நிறுவனம், 1969 டிசம்பர் மாதத்தில். நம் நாட்டில் அதற்கு முன்பே 1961-ல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியிருந்தது. அப்பா கையில், வாத்தியார் கையில், ஸ்டேஷன் மாஸ்டர் கையில் நாம் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அந்தச் சாவி வாட்சுகளே. பிறகு 1984-ல் டாடா குழுமமும் நம் தமிழ்நாட்டு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. செல் வாட்சையே நம்பி இறங்கினார்கள்; வென்றார்கள். எச்.எம்.டி. சரிந்துகொண்டே போய், 2016 ஜனவரியில் அதன் கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. சரக்கு தரமாக இருந்தும் சந்தை மாறியதைக் கவனிக்கத் தவறியவர்கள் நம் தொழிலிலும் உண்டு; அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் மச்சானோ சித்தப்பாவோ வாங்கிவந்த சீகோ-5 பல வீடுகளில் இன்னும் இருக்கும். நல்ல உழைப்பு வாட்ச். ஆனால் அதன் பழைய ரகங்கள் பலவற்றில் கையால் சாவி கொடுக்கவே முடியாது. அசைவு ஒன்றே வழி. கழற்றி வைத்தால் ஏறக்குறைய நாற்பது மணி நேரத்தில் நின்றுவிடும். நாள் முழுதும் எடை போட்டு மூட்டை நகர்த்துபவர் கையில் அது செவ்வனே ஓடும். கல்லாவில் அசையாமல் அமர்ந்திருக்கும் முதலாளி கையில் அரைவயிற்றோடுதான் ஓடும்.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். '17 கல்', '21 கல்' என்று டயலில் போட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே ஏதோ விலையுயர்ந்த ரத்தினம் இருக்கிறது என்று எண்ணுபவர்கள் இன்றும் உண்டு. அவை செயற்கை மாணிக்கக் கற்கள். சக்கரத்தின் அச்சு உலோகத்தில் உராய்ந்து தேயாமலிருக்க, அச்சு நிற்கும் குழியில் பதிக்கப்படுபவை. தனியே எடுத்து விற்றால் ஒன்றும் பெயராது. சாதாரணச் சாவி வாட்சுக்குப் பதினேழு போதும். ஆட்டோமேட்டிக்கில் சக்கரங்கள் கூடுவதால் கற்களும் கூடுகின்றன. கல் அதிகம் என்பதற்காக விலை அதிகம் கொடுக்காதீர்கள்.

நம் தொழிலுக்கு எது தாங்கும்?

வாட்ச் கடைக்காரர் ஆபீஸ் உத்தியோகஸ்தரை மனத்தில் வைத்துப் பேசுவார். நம் கடை அப்படிப்பட்ட இடமல்ல. மாவுத்தூசி, மிளகாய் நெடி, உப்பு, வெல்லப்பாகு, வியர்வை, கோடையில் தகரக்கூரைச் சூடு. இவற்றில் வாட்சுக்கு முதல் எதிரி உப்பும் வியர்வையும்தான்.

பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று எழுதியிருக்கிறதா? கவனமாகப் படிக்க வேண்டிய எழுத்து இது. பின்மூடி மட்டும் துருப்பிடிக்காத எஃகு என்பதே இதன் பொருள். உடல் பெரும்பாலும் பித்தளை போன்ற மலிவு உலோகம், மேலே முலாம். உப்பு அள்ளும் கையில் ஓரிரு வருடத்தில் முலாம் உரிந்து, வார் சேரும் இடத்தில் பச்சை பூத்துவிடும். 'ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றோ, உடலும் எஃகு என்று தெளிவாகவோ இருந்தால் அதையே எடுங்கள். விலை சற்றுக் கூடும். ஆனால் முலாம் போனால் மீண்டும் முலாம் பூசும் செலவும் அலைச்சலும் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

அடுத்து, தண்ணீர். '30 மீட்டர்' என்று போட்டிருப்பதால் முப்பது மீட்டர் ஆழக் கிணற்றில் குதிக்கலாம் என்று அர்த்தமில்லை. அசையாமல் வைத்த புது வாட்சுக்கு ஆய்வுக்கூடத்தில் கொடுத்த அழுத்தத்தின் கணக்கு அது. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரையும் மழைத்தூறலையும் தாங்கும், அவ்வளவே. தினமும் கடை கழுவி விடுபவர், வெளியே லோடு இறக்குபவர் 50 மீட்டரோ 100 மீட்டரோ உள்ளதை எடுப்பது நல்லது. இந்தத் தடுப்பும் நிரந்தரமல்ல. பின்மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் எந்த எழுத்தும் தண்ணீரைத் தடுக்காது. செல் மாற்றும்போது அந்த வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வார் விஷயத்தில் நம் அனுபவம்: தோல் வார் அழகு, ஆனால் நம் ஊர் வியர்வையில் சீக்கிரம் நாறும். எஃகுச் செயின் நெடுநாள் வரும். கண்ணிகளுக்கிடையே மாவும் அழுக்கும் அடையும், வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வாட்ச் தண்ணீர் தாங்காத ரகமானால் செயினை மட்டும் நனைத்துத் தேயுங்கள். நைலான் வார் மலிவு, துவைத்துக் காயவைத்துக் கட்டலாம். டயல் பெரிதாக இருப்பது இப்போது நாகரிகம். சாக்கு மூட்டைக்கும் சுவருக்கும் இடையே கை நுழைக்கும்போதுதான் அந்த நாகரிகத்தின் கஷ்டம் தெரியும். பழைய ஜனதா 35 மில்லிமீட்டர் விட்டத்தில்தான் இருந்தது. எந்தக் கைக்கும் பொருந்தியது. 40-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் இப்போது பெண்பிள்ளைகளும் பொறுப்பேற்று உட்காருகிறார்கள். அவர்களுக்குச் சிறிய டயல் வேண்டுமென்றால் செல் வாட்சே சரி. பழைய லேடீஸ் சாவி வாட்சின் இயந்திரம் மிகப் பொடியானது. பழுதானால் கைவைக்கவே பலர் தயங்குகிறார்கள்.

அழகைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். கேசியோவின் எப்-91டபிள்யூ என்ற எண் காட்டும் வாட்ச் 1989-ல் வந்தது, இன்றும் விற்கிறது. பிளாஸ்டிக் உடல், இறகு போன்ற எடை, ஒரு செல் சுமார் ஏழு வருடம் தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் போலிகள் ஏராளம். வலப்பக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ என்ற பெயர் வர வேண்டும், வராவிட்டால் தொடாதீர்கள். இந்த வித்தையையும் காப்பியடித்த போலிகள் வந்துவிட்டன என்பதால், பில் கொடுக்கும் கடையில் வாங்குவதே காப்பு.

புதிது வாங்கும்போது நம் தொழில் அறிவே போதும். பொட்டலப் பொருள் விதிகளின்படி நாம் விற்கும் பாக்கெட்டில் என்னென்ன அச்சிட்டிருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். வாட்ச் பெட்டிக்கும் அதே சட்டம்தான். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், வரிகள் உட்பட அதிகபட்ச விலை ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பெயர் போட்ட வாட்சின் பெட்டியில் இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இல்லையென்றால், அது எந்த வழியில் வந்தது என்று கேளுங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். பொதுவாக வாரண்டி இயந்திரத்துக்குத்தான். கண்ணாடிக்கும் வாருக்கும் செல்லுக்கும் கிடையாது.

பழைய வாட்சும் பப்பாளி விதையும்

இப்போது நாம் ஏமாந்த கதை. சில வருடங்களுக்கு முன் சென்னைக்குக் கொள்முதலுக்குப் போயிருந்தபோது, நடைபாதையில் ஒருவர் பழைய வாட்சுகளைப் பரப்பி வைத்திருந்தார். அதில் ஒரு ஜனதா. அப்பா கட்டியிருந்த அதே வாட்ச். கருநீல டயல், நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து வந்தது போல் பளபளத்தது. பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிவிட்டோம் என்ற பெருமையோடு ஊர் திரும்பினோம். மூன்றாவது வாரம் நின்றுவிட்டது. நம் ஊர் வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிப் பின்மூடியைத் திறந்தார். இரண்டு திருகாணிகள் இல்லை. இயந்திரம் ஆடாமலிருக்க ஓரத்தில் காகிதத்தை மடித்துச் செருகியிருந்தார்கள். "டயல் மட்டும்தான் புதுசுங்க. மத்ததெல்லாம் நாலு வாட்சுலேர்ந்து கடன் வாங்கினது" என்றார்.

மிளகில் பப்பாளி விதையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு இது தெரியாமல் போனது ஏன்? அப்பாவின் நினைவு கண்ணை மறைத்தது என்பதே உண்மை. சரக்கைப் பார்க்கவில்லை, டயலை மட்டும் பார்த்தோம். அதன் பிறகு அந்த ரிப்பேர்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நாற்பது வருட வாட்சின் டயல் புத்தம் புதிதாக இருக்க நியாயமில்லை. லேசான மஞ்சள், ஓரத்தில் ஒன்றிரண்டு புள்ளி இருப்பது குற்றமல்ல. அது வயதின் அடையாளம். கிளிப்பச்சை, ரத்தச் சிவப்பு என்று கண்ணைப் பறித்தால் பெரும்பாலும் மறுபடி பெயிண்ட் அடித்ததாகவே இருக்கும். பெயர் எழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கம்பெனி அச்சு கூர்மையாக, ஒரே கோட்டில் இருக்கும். மறு அச்சில் எழுத்து தடித்து, மை ஊறி, நேர்க்கோடு பிசகியிருக்கும். பன்னிரண்டும் ஆறும் நேருக்கு நேர் நிற்கின்றனவா, விநாடி முள்ளும் மற்ற முட்களும் ஒரே ரகமா, பின்மூடியில் உள்ள பெயரும் டயலில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

பிறகு காதும் விரலும். சாவியை மெல்லச் சுற்றினால் சீராகக் கிர்கிர் என்று ஏற வேண்டும். கரகரத்தால் உள்ளே துரு அல்லது தேய்மானம். பத்துச் சுற்றுக்குள் தானாக ஓடத் தொடங்க வேண்டும். தட்டினால்தான் ஓடுகிறது என்றால் எண்ணெய் வறண்டுவிட்டது. காதருகே வைத்து, டயல் மேல்நோக்கி, கீழ்நோக்கி, பக்கவாட்டில் என்று திருப்பித் திருப்பிக் கேளுங்கள். ஓசை ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் திருப்பியதும் ஓசை அமுங்கினால் அச்சில் கோளாறு. சாவியை வெளியே இழுத்து முட்களைச் சுற்றுங்கள். ஒன்றையொன்று உரசக் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது.

கடைசியாக, பின்மூடியை எதிரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூட்டையில் ஊசி குத்தி மாதிரி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்க்காமல் நாம் அரிசி வாங்குவதில்லையே! திறக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். சாவித்தண்டு நுழையும் இடத்தில் செந்துரு இருந்தால் வியர்வை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். இணைய வழியில் படத்தைப் பார்த்து வாங்குவதில் இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாது. அதனால் முதல் பழைய வாட்சை அப்படி வாங்க வேண்டாம் என்பது நம் கருத்து.

விலை பேசுமுன் அடக்கவிலையைப் போட்டுப் பாருங்கள். கேட்ட விலை மட்டும் அடக்கவிலை ஆகாது. பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடும் கூலி, புது வார், தேவையானால் கண்ணாடி எல்லாம் சேர வேண்டும். எப்போது சர்வீஸ் செய்தது என்று விற்பவர் நிச்சயமாகச் சொல்லாவிட்டால், செய்யவே இல்லை என்று வைத்துக்கொண்டு கூலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கீறலுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். பழைய வாட்சுகளில் பெரும்பாலும் இருப்பது கண்ணாடியல்ல, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். உலோகம் துலக்கும் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தாலே மெல்லிய கீறல் மறைந்துவிடும். கெட்டிக் கண்ணாடியில் விழுந்த கீறல் அப்படிப் போகாது.

பழைய எச்.எம்.டி.யில் ஒரு வசதி, அது ஏராளமாக விற்ற வாட்ச் என்பதால், பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் கழித்த வாட்சிலிருந்து எடுத்த உதிரிப் பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன. அதிகம் பேர் கேள்விப்படாத வெளிநாட்டுப் பழைய வாட்ச் மலிவாகக் கிடைத்தாலும் பாகத்துக்கு எங்கே போவது? ஆகவே பழையதுதான் வேண்டுமென்றால், உங்கள் ஊர் ரிப்பேர்காரர் தம் கையால் சர்வீஸ் செய்து வைத்திருக்கும் எச்.எம்.டி. ஒன்றை அவரிடமே கேளுங்கள். ஒரு நாள் சாவி கொடுத்து வீட்டில் வைத்து, மறுநாள் அதே நேரம் செல்போன் மணியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். தெரிந்தவர் மறுக்கமாட்டார். அரை நிமிடம் முன்பின் போனால் ஏற்றுக்கொள்ளலாம். ஐந்து பத்து நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் பிடித்திருக்கலாம். ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட செல்போன் உறை இவற்றின் அருகில் வைத்தால் உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருள் ஒட்டிக்கொண்டு வேகம் பிடிக்கும். காந்தம் எடுக்கும் கருவி பல ரிப்பேர் கடைகளில் இருக்கிறது. சில நிமிட வேலை.

வாங்கிய பிறகு சில பழக்கங்கள். சாவி வாட்சுக்குத் தினமும் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றிச் சாவி கொடுங்கள். கட்டியபடியே கொடுத்தால் தண்டு வளைந்து தேயும். ஏற மறுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். தேதி காட்டும் சாவி வாட்சிலும் ஆட்டோமேட்டிக்கிலும் இரவு ஒன்பது முதல் விடியற்காலை மூன்று வரை தேதியைத் தனியே திருப்பாதீர்கள். அந்நேரம் தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும், உடையும். செல் வாட்ச் நின்றுபோனால் மேஜை அறையில் போட்டு மறந்துவிடாதீர்கள். தீர்ந்த செல் கசிந்து இயந்திரத்தை அரித்துவிடும். உடனே மாற்றுங்கள், அல்லது செல்லையாவது எடுத்துவிடுங்கள். மாற்றும்போது செல்லின் முதுகைப் பாருங்கள். 'எஸ்.ஆர்.' என்று எழுத்து தொடங்கினால் சில்வர் ஆக்ஸைடு; வாட்சுக்கு உரியது. 'எல்.ஆர்.' என்றால் அல்கலைன்; அளவு ஒன்றே, விலை குறைவு, சீக்கிரம் தீரும், கசியவும் செய்யும். இரண்டையும் ஒரே விலைக்குப் போடும் கடைகள் இருக்கின்றன.

நம்மிடம் கேட்ட அன்பருக்கு என்ன சொன்னோம் என்றால், பையனுக்குப் புது செல் வாட்ச், உடல் முழுதும் எஃகு, 50 மீட்டர், பெரிய எண்கள் உள்ள வெள்ளை டயல். ஓசூர்ச் சரக்காகவே பார்த்து வாங்கினார். நம் ஜனதாவைக் காகிதத்தை எடுத்துவிட்டு, சரியான திருகாணி போட்டு ஓடவைத்துக் கொடுத்தார் ரிப்பேர்காரர். கொடுத்த விலையைவிடக் கூலி அதிகம். நீல டயல் அப்படியே இருக்கிறது.